முதியோரின் சோர்வும் ஃபோலேட் சத்தும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற முதியோர் நல அமர்வில், அரசு மருத்துவ ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



 

‘நோயற்ற முதுமை’ என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அவ்வளவு பெரிய பொருளைத் தாங்கும் தகுதி எனக்கு இல்லை. நான் மருத்துவன் அல்லன். முப்பத்தோர் ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து பிறருடைய இரத்தத்தைப் பார்த்துக் கணக்கெழுதியவன். ஆகவே, என் கண்ணால் கண்ட ஒரு சிறு பொருளைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன். அது ஃபோலேட் எனப்படும் சத்து. மருந்துக்கடையில் ஃபோலிக் அமிலம் என்று கேட்டால் கொடுக்கும் சிறு மஞ்சள் மாத்திரையை உங்களுள் பலர் அறிவீர்கள். மகப்பேறு காலத்துப் பெண்களுக்கு உரியது என்றே அதை நினைத்திருக்கிறோம். அது நம் வீட்டு முதியவர்களுக்கு எவ்வளவு வேண்டியது, எப்போது அதுவே தீங்காகும் என்னும் இரண்டையும் சொல்லவே வந்தேன்.

இரண்டு முதியவர்களின் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009ஆம் ஆண்டு ஆலந்தலையிலிருந்து ஒரு முதியவரை அவருடைய அண்டை வீட்டார் அழைத்து வந்தனர். எழுபத்தொன்று வயது. இளமையில் கட்டுமரத்தில் சென்றவர். பின்னர் கரையில் அமர்ந்து வலை பின்னியவர். மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, மக்கள் வெளியூரில். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நாக்கு எரிகிறது, உணவில் நாட்டமில்லை என்றார். “வயசாயிட்டுதுல்லா, அப்படித்தான் இருக்கும்” என்று அவரே தமக்கு விளக்கமும் சொல்லிக்கொண்டார். ஹீமோகுளோபின் 6.2. ஆண்களுக்கு 13க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பாதிக்கும் குறைவான இரத்தத்துடன் அம்மனிதர் பேருந்தில் நின்றபடியே வந்திருந்தார்.

இரத்தத்தை ஒரு துளி கண்ணாடிச் சில்லில் தடவி, லீஷ்மன் சாயம் ஏற்றிப் பார்த்தேன். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, உருவத்தில் பெரியவை. இயல்பான சிவப்பணுவின் சராசரிப் பருமன் 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர், அவருக்கு 119. வெள்ளணுக்களில் ஒரு வகைக்கு உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும். அவருடைய இரத்தத்தில் ஆறு மடல், ஏழு மடல் உள்ளவை கிடந்தன. நாங்கள் இதைக் கண்டவுடன் இரண்டு பெயர்களை எழுதுவோம்: ஃபோலேட் குறைவு, அல்லது பி12 குறைவு. இரண்டில் எது என்பதை நுண்ணோக்கி சொல்லாது. நான் இன்று பேசுவதன் உயிர்நாடியே இவ்விடத்தில்தான் இருக்கிறது. சற்று நினைவில் வைத்திருங்கள்.

அங்கிருந்த மருத்துவர் நிதானமானவர். இரண்டையும் அளக்கச் சொல்லி வெளியூர் ஆய்வகத்திற்கு அனுப்பினார். பி12 இயல்பாக இருந்தது. ஃபோலேட் ஒரு மில்லிலிட்டருக்கு 1.9 நானோகிராம்தான் இருந்தது. 4க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்வது வழக்கம். “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டார். காலையில் கடுந்தேநீரும் பன்னும். நண்பகல் கஞ்சியும் கருவாடும். இரவில் நண்பகலின் மிச்சம். கீரை? “அதெல்லாம் அவ இருந்த காலத்துல” என்றார். மனைவியோடு அவ்வீட்டில் கீரையும் போய்விட்டது.

ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கி ஏழாம் நாள் இளம் சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியது. நான்காம் மாதம் அவர் தனியாகவே வந்தார். எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தார். கருவாட்டின் மீது அவருக்கு இருந்த பற்று அப்படி.

மீன் உண்ணும் நம் கடற்கரை மக்களுக்குச் சத்துக்குறை வருமா என்று நீங்கள் வியக்கலாம். மீனில் பி12 நிறைய உண்டு, புரதம் உண்டு. ஃபோலேட் அதில் சொற்பமே. அரிசியில் அதைவிடக் குறைவு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 9 மைக்ரோகிராம் ஃபோலேட்தான் இருக்கிறது. அதே எடைப் பசலைக்கீரையில் ஏறத்தாழ 140, கொண்டைக்கடலையில் 230. அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வகுத்த அன்றாடத் தேவை ஆணுக்கு 300, பெண்ணுக்கு 220 மைக்ரோகிராம். சோறும் மீனும் மட்டும் உண்பவர் எத்தனை வயிறு நிறைய உண்டாலும் இக்கணக்கை எட்ட முடியாது. கடல் ஒரு சத்தைத் தருகிறது; மற்றொன்றைத் தோட்டமும் வயலும்தான் தரவேண்டும். மணலும் பனையும் உப்புநீருமான நம் கரையில் கீரை காசு கொடுத்து வாங்கும் பொருள். தனியாக வாழும் முதியவர் முதலில் நிறுத்துவதும் அதைத்தான்.

இச்சத்து உலகிற்குத் தெரியவந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் மும்பைக்கு வந்தார். துணி ஆலைகளில் பாடுபடும் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தனர். காரணம் தெரியவில்லை. கிருமியா என்று தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் அப்பெண்களின் வீடுகளில் என்ன உண்கிறார்கள் என்று சமூக வாரியாகக் கணக்கெடுத்தார். எவர் உணவு மிகவும் குறைபட்டதோ அவர்களிடமே நோய் மிகுதியாக இருந்தது. அவ்வரிசையில் கடைசியில் நின்றவர்கள் ஏழை முஸ்லிம் பெண்கள். சகோதரர்களே, இது ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்பு. நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1929இல் அவர் நம் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திற்கு வந்தார். அங்கே இராபர்ட் மெக்காரிசன் ஊட்டச்சத்து ஆய்வை நடத்திக்கொண்டிருந்தார். ஹைதராபாத் நிறுவனத்தின் தாய்வீடு அதுவே. எலிகளுக்கும் பின்னர் குரங்குகளுக்கும் அப்பெண்களின் உணவையே கொடுத்துப் பார்த்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னையில், கோஷாப் பெண்களுக்கென ஏற்பட்ட மருத்துவமனையில் பணிபுரிந்தார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் அதைத் திருவல்லிக்கேணிப் பெரியவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள்.

அக்காலத்தில் இரத்தசோகைக்கு ஈரல் சிறந்த மருந்து என்று 1926இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். ஏழைப் பெண்களுக்கு அன்றாடம் ஈரல் வாங்கிக் கொடுக்க யாரால் இயலும்? லூசி வில்ஸ் மலிவான பொருள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். அதுதான் மார்மைட். கொழும்பில் கடை வைத்திருந்த நம் வாப்பாமார் ஊர் திரும்பும்போது பெட்டியில் கொண்டுவந்த அதே கருநிறப் பசைதான். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வெந்நீரில் கரைத்துக் கொடுத்ததை மூத்த தாய்மார்கள் நினைவுகூர்வார்கள். ஈஸ்ட்டின் சாறாகிய அதை உட்கொண்ட பெண்கள் விரைவாகத் தேறினர். 1931இல் இம்முடிவு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. பெயர் தெரியாத அச்சத்தை உலகம் ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தது.

1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். உணவுச் சத்தைக் குடல் உறிஞ்சவிடாத ஸ்ப்ரூ என்னும் நோயால் தம் உடன்பிறந்தோரைப் பறிகொடுத்தவர். தாமும் அந்நோயால் வருந்தியவர். அந்நோயில் உடல் இழக்கும் சத்துகளுள் ஃபோலேட்டும் ஒன்று. அவர் பணிபுரிந்த நிறுவனம் நியூயார்க் மாநிலத்தில் ‘பேர்ல் ரிவர்’ என்னும் ஊரில் இருந்தது. முத்துக்கரையில் பிறந்த எனக்கு அப்பெயர் ஏனோ மறப்பதில்லை.

மகப்பேற்றுப் பெண்களிடம் கண்ட குறை முதியோரிடம் ஏன் வருகிறது? கருவுற்றவருக்குத் தேவை கூடுகிறது. முதியவருக்கு வரவு குறைகிறது. பல் போய்விட்டது, கீரைத் தண்டும் சுண்டலும் மெல்ல முடியவில்லை. இரவில் கீரை ஆகாது, பயறு வாயு என்று ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள். வீட்டில் எல்லோரும் உண்டபின் உண்பது நம் தாய்மார்களின் வழக்கம். சோறு மிஞ்சும், கறி மிஞ்சாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், மூட்டுவாதத்திற்குக் கொடுக்கும் மீத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் ஃபோலேட்டின் வேலையைக் கெடுக்கும். மீத்தோட்ரெக்ஸேட் உண்போருக்கு மருத்துவரே ஃபோலிக் அமிலமும் எழுதுவார். ‘இது வெறும் சத்து மாத்திரைதானே’ என்று அதை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கவும் கூடாது. அம்மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்துவிடக்கூடும். நாட்பட்ட வயிற்றுப்போக்கும் ஒரு காரணம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஸெல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் 1960களில் வட தமிழகக் கிராமங்களில் ஸ்ப்ரூ நோய் கொள்ளைநோய்போல் பரவியதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மதுப்பழக்கமும் இச்சத்தை அழிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நம் அடுக்களையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபோலேட் நீரில் கரைவது. நெடுநேரக் கொதிப்பில் சிதைவது. விக்டர் ஹெர்பர்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் உடலிலேயே ஒரு சோதனை செய்து 1962இல் வெளியிட்டார். தம் உணவு முழுவதையும் மும்முறை கொதிக்கவைத்து, ஒவ்வொரு முறையும் நீரைக் கொட்டிவிட்டு உண்டார். மூன்றாம் வாரத்தில் இரத்தத்தில் ஃபோலேட் குறைந்தது. ஏழாம் வாரத்தில் வெள்ளணுக்களின் மடல்கள் பெருகின. பதினேழாம் வார அளவில் சிவப்பணுக்களுக்குள்ளேயே சத்து வற்றியது. பத்தொன்பதாம் வாரத்தில் இரத்தசோகை வந்துவிட்டது. நம் உடலில் ஃபோலேட்டின் இருப்பு ஏறத்தாழ நான்கு மாதத்திற்குத்தான் என்பது அவ்வாறு தெரியவந்தது. மனைவியை இழந்த ஆலந்தலைப் பெரியவரின் நான்கு ஆண்டுகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அவர் ஆராய்ச்சிக்காகச் செய்ததை நாம் அன்றாடம் செய்கிறோம். கீரையை நறுக்கியபின் அலசுகிறோம். நிறைய நீரில் வேகவைத்து நீரை இறுத்துவிடுகிறோம். நண்பகல் ஆக்கியதை இரவும் மறுநாளும் சூடாக்குகிறோம். நீரில் வேகவைத்து இறுத்தால் கீரையின் ஃபோலேட் ஏறத்தாழ பாதி போய்விடும். ஆவியில் வேகவைத்தால் பெரும்பாலும் தங்கும். நறுக்குமுன் கழுவுங்கள், சிறிதளவு நீர் தெளித்து மூடி வேகவையுங்கள், பயறு வேகவைத்த நீரை ரசத்தில் சேருங்கள். பல்லில்லாதவருக்கு முருங்கைக்கீரையைப் பாசிப்பருப்புடன் குழைத்துக் கடைந்து கொடுக்கலாம். கறுப்பு உளுந்தும் அரிசியும் சேர்த்து ஆக்கும் உளுந்தஞ்சோறு நம் மாவட்டத்தின் சொத்து, மெல்லவும் எளிது. ஈரலில் ஃபோலேட்டும் பி12உம் சேர்ந்தே இருக்கின்றன. குர்பானிக் காலத்தில் ஈரலை இளைஞர்கள் வறுத்துத் தீர்த்துவிடுகிறார்கள், முதியோருக்கு ஒரு கிண்ணம் எடுத்துவையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர்களும் கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது முதியவரின் செய்தி. அவர் என் உம்மா.

2013ஆம் ஆண்டு. உம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உண்டுவந்தார். நெஞ்செரிச்சலுக்காக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் நெடுநாளாக உண்டுவந்தார். முள் தொண்டையில் சிக்கிய ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு மீனையும் நிறுத்திவிட்டார். சோர்வாக இருக்கிறது என்றார். வீட்டிலேயே ஒரு துளி எடுத்துச் சென்று பார்த்தேன். பெரிய சிவப்பணுக்கள், ஆறு மடல் வெள்ளணுக்கள். ஆலந்தலைப் பெரியவரின் சில்லை மீண்டும் பார்த்ததுபோல் இருந்தது. அவருக்குக் கேட்டது உம்மாவுக்கும் கேட்கும் என்று எண்ணினேன். எந்த மருத்துவரிடமும் காட்டவில்லை, எதையும் அளக்கவில்லை. மருந்துக்கடையில் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பிறருக்கெல்லாம் ‘பரிசோதனை செய்யாமல் மருந்து உண்ணாதீர்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

ஹீமோகுளோபின் ஏறியது. 8.4லிருந்து 11க்கு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஒருநாள் உம்மா, “தொழுகை விரிப்பு காலுக்குத் தட்டுப்படவே இல்லை வாப்பா, பஞ்சுமேலே நிக்கிற மாதிரி இருக்கு” என்றார். முதுமை என்றேன். இன்னும் சில நாள் சென்று, வுளூ செய்யும்போது கண்ணை மூடி முகத்தில் நீர் தெளிக்கையில் தள்ளாடி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறியவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். அப்போதுதான் நரம்பு மருத்துவரிடம் சென்றோம். பி12 அளந்தார்கள். 96 பிகோகிராம். 200க்குக் கீழே இருந்தாலே குறைவு. முதுகுத்தண்டின் பின்பகுதி நரம்புகள் கெட்டிருந்தன. கண்ணை மூடினால் கால் எங்கே இருக்கிறது என்பதை உடல் அறியாது. அதனால்தான் முகம் கழுவுகையில் விழுந்தார்.

என்ன நடந்தது என்று எளிமையாகச் சொல்கிறேன். உயிரணு பிரிந்து பெருகுவதற்கு ஃபோலேட் வேண்டும். உடலில் அது ஒரு கிட்டங்கியில் பூட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கும் சாவி பி12. சாவி தொலைந்தால் கிட்டங்கி நிறைய சரக்கு இருந்தும் உடல் பட்டினி கிடக்கும். ஆகவேதான் இரண்டு குறைகளிலும் இரத்தம் ஒரேபோல் தோன்றுகிறது. நான் செய்தது என்ன? சாவியைத் தேடாமல் வெளியிலிருந்து வண்டி வண்டியாகப் புதிய சரக்கைக் கொட்டினேன். 5 மில்லிகிராம் என்பது ஆணின் அன்றாடத் தேவையைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு. இரத்தத்தின் பசி தீர்ந்தது. ஆனால் பி12க்கு மற்றொரு பணி உண்டு: நரம்புகளின் மேலுறையைக் காப்பது. அதை ஃபோலேட் செய்யாது. இரத்தசோகை என்னும் எச்சரிக்கை மணியை நான் நிறுத்திவிட்டேன். வீடு உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

இது புதிய செய்தியும் அன்று. 1940களின் பிற்பகுதியிலேயே, பி12 இன்னும் பிரித்தெடுக்கப்படாத காலத்தில், மருத்துவர்கள் இதைக் கண்டுவிட்டார்கள். ஃபோலிக் அமிலம் பெற்ற நோயாளிகளின் இரத்தம் தேற, நரம்புகள் தளர்ந்தன. 1948இல் பி12 கிடைத்த பிறகே வழி பிறந்தது. அமெரிக்காவில் 1998இல், மாத்திரை வழியாகவும் செறிவூட்டிய உணவு வழியாகவும் பெறும் ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று வரம்பு வகுத்ததற்கும் இந்த அச்சமே காரணம். கீரையிலும் பயறிலும் உள்ள இயற்கை ஃபோலேட்டுக்கு அவ்வரம்பு இல்லை. மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கக்கூடும் என்பதைப் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் மருத்துவர்களுக்கு மீண்டும் நினைவூட்டி, ஐயமுள்ளவர்களுக்கு அளந்து பார்க்கச் சொன்னது. இதைக் கேட்டு யாரும் மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து. அளந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

உம்மாவுக்குப் பி12 ஊசி போட்டார்கள். எரிச்சலும் மரமரப்பும் பாதி குறைந்தன. மற்றப் பாதி குறையவே இல்லை. அதன்பின் ஆறு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ‘நீ நல்லதுக்குத்தானே செஞ்ச’ என்பார். அச்சொல்லைச் சுமப்பது எளிதாக இல்லை.

பரிசோதனையைப் பற்றி என் தொழில் முறையில் இரண்டு வார்த்தை. ஃபோலேட்டும் பி12உம் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் அளப்பது அரைக் கிணறு தாண்டுவது. மாத்திரை தொடங்குமுன் இரத்தம் கொடுங்கள். இரத்தநீரில் அளக்கும் ஃபோலேட் அண்மையில் உண்ட உணவைக் காட்டும். முதல்நாள் விருந்துண்டு வந்தவருக்குக் குறை மறைந்துபோகலாம். சிவப்பணுவுக்குள் அளப்பதுதான் கடந்த மூன்று நான்கு மாதத்து நிலையைக் காட்டும். எல்லா ஆய்வகத்திலும் அது கிடைப்பதில்லை. குழாயில் சிவப்பணு உடைந்தால் உள்ளிருக்கும் ஃபோலேட் வெளிவந்து பொய்யான உயர்வு தோன்றும். நம் ஊரில் எடுத்த இரத்தம் வெயிலில் பேருந்தேறித் தொலைவிலுள்ள ஆய்வகத்திற்குப் போகிறது என்பதை மறந்துவிடலாகாது. மேலும், இரும்புச் சத்தும் சேர்ந்து குறைந்திருந்தால் அணுக்கள் சிறுத்து, பருமன் இயல்பாகவே தோன்றும். ‘எம்.சி.வி. நார்மல்’ என்ற ஒரு வரியைப் பார்த்து மனநிறைவு கொள்ளாதீர்கள்.

அரசின் திட்டங்கள் நம் முதியோரை எட்டுகின்றனவா என்று கேட்பீர்கள். 2018இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுப்பதற்கு ஆறு பிரிவினரைக் குறித்தார்கள்: குழந்தைகள், சிறுவர், வளரிளம் பருவத்தினர், கருவுற்றோர், பாலூட்டுவோர், மகப்பேற்று வயதுப் பெண்கள். அறுபது கடந்தோர் அதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்று அதிகமானோர் அறுபதைக் கடந்தவர்கள், அப்படியிருந்தும் இல்லை. 2023இல் நியாயவிலைக் கடைகளில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி வந்தபோது, பிளாஸ்டிக் அரிசி என்று நம் வீடுகளிலேயே பொறுக்கி எறிந்தார்கள். அது பிளாஸ்டிக் அன்று. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. விதித்த அளவின்படி கிலோ ஒன்றுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாளொன்றுக்கு 200 கிராம் அரிசி உண்ணும் முதியவருக்கு 15 முதல் 25 மைக்ரோகிராம் கிடைக்கும். தேவையில் பத்தில் ஒரு பங்கு.

ஆகவே நம் ஜமாஅத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மாதந்தோறும் நாம் ஆதரவற்ற முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் வழங்கும் பொருள்களில் அரிசி, சர்க்கரை, எண்ணெய், தேயிலை ஆகியவை இருக்கின்றன. நற்பணிதான், நானும் அதற்குச் சந்தா கொடுப்பவன்தான். ஆனால் நான் இதுவரை சொன்ன கணக்கில் அத்தொகுப்பில் ஃபோலேட் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சேர்த்தால், நாளொன்றுக்கு 33 கிராம் வரும். கடலையில் அது ஏறத்தாழ 75 மைக்ரோகிராம். வேகவைப்பதில் ஒரு பகுதி போனாலும் சோற்றில் வருவதைவிடப் பன்மடங்கு. சர்க்கரையில் ஒரு கிலோவைக் குறைத்தால் செலவில் பெரும்பகுதி அதிலேயே ஈடாகும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை கொடுத்து நாம் என்ன நன்மை தேடுகிறோம் என்பதும் எனக்கு விளங்கவில்லை. இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்லியிருந்தால் நிர்வாகிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று. மருத்துவ முகாம் நடத்துகிறோம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறோம். அறுபது கடந்தோருக்கு இரத்த அணுக்களின் முழுக் கணக்கையும் அதில் சேர்க்க வேண்டும். குறை காணப்படுவோருக்கு மட்டும் ஃபோலேட்டும் பி12உம் அளக்கும் செலவை ஜமாஅத் நிதி ஏற்கலாம். இச்செலவை எல்லோருக்கும் செய்யத் தேவையில்லை. முகாமுக்கு நம் மஹல்லா எல்லை என்று கோடு போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆலந்தலை, அமலிநகர்க் கரைகளிலும் இதே கஞ்சிதான், இதே கருவாடுதான். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். அன்று சேர்ந்து கடலில் இறங்கியவர்களில் எஞ்சியிருப்போர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள், அங்கும் இங்கும்.

தனியாக உண்ணும் முதியோர் நம் மஹல்லாவில் எத்தனை பேர் என்று சென்ற இரண்டு மாதமாகத் தெருத்தெருவாகக் கேட்டு எழுதிவந்தேன். நாற்பத்து மூன்று பெயர்கள் இருக்கின்றன. அவர்களுள் பத்தொன்பது பேர் மெட்ஃபார்மின் உண்பவர்கள். எவர் பெயரையும் மேடையில் படிப்பது முறையன்று. கூட்டம் முடிந்தவுடன் பட்டியலைச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். முதல் முகாமுக்கு இரத்தம் எடுக்க நானே வருகிறேன். கை இன்னும் நடுங்கவில்லை.